கப்பல் பாகங்களைக் கரையில் கற்கட்டும்

ஆசிரியருக்கு,

மதுரை மாவட்டப் பள்ளிக் கண்காட்சி பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மாணவர்கள் அட்டையில் செய்த பாய்மரக் கப்பலின் படம் அருமை. ஆனால் ஒட்டியிருந்த சீட்டுகளில் 'மாஸ்ட்', 'கீல்', 'ரடர்' என்று ஆங்கிலச் சொற்களாகவே இருந்தது வருத்தமாக இருக்கிறது. கடல் இல்லாத ஊர் என்றாலும் கப்பல் மதுரைக்கு அந்நியமில்லை. பாகனைக் கொன்று, சங்கிலியை அறுத்து ஓடும் யானைக்குச் சங்கப் பாடலான மதுரைக்காஞ்சி காட்டும் உவமை, கயிறறுந்து, பாய் கிழிந்து, கூம்பு முறிந்து சுழியில் சிக்கிய நாவாய்தான். கூம்பு என்றால் பாய்மரம்.

இப்படிப்பட்ட தமிழ்ச் சொற்கள் ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. தொண்டிப் பக்கம் மரப்படகு கட்டும் இடத்துக்கு என் பேரனை அழைத்துப் போயிருந்தேன். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்த பெரியவர், உளியைக் கீழே வைத்துவிட்டு, "இது ஏரா, தம்பி. முதல்ல இதைத்தான் கிடத்துவோம், மத்ததெல்லாம் இதுமேலதான் ஏறும்" என்று அடிமரத்தைத் தட்டிக் காட்டினார். அப்புறம் முன்பக்க அணியம், திசை திருப்பும் சுக்கான், பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமல் என்று ஒவ்வொன்றின் வேலையையும் சொன்னார். வீடு திரும்பியதும் பையன் தானாகவே படம் வரைந்து பெயர் எழுதினான். பாடநூலில் இவ்வளவு பதியுமா என்பது சந்தேகமே.

ஆகவே, கீழடி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் பள்ளிகள், அதே பயணத்தில் ஒரு படகுத் துறையையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த கண்காட்சிச் சீட்டுகளை மீனவர்களிடம் கேட்டே எழுதச் சொல்லலாம்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்புவனம்