ஆவுடையக்காள் பாடல்களின் மெட்டுகளைப் பதிவு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையில் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆவுடையக்காளை இன்று தமிழ் படித்தவர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். அறியாப் பருவத்தில் கணவனை இழந்த அவர், திருவிசநல்லூர் மகான் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்றார் என்றும், ஓர் ஆடி அமாவாசையன்று குற்றால மலையேறிப் போனவர் திரும்பவேயில்லை என்றும் மரபு சொல்கிறது.

சீவனும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதத்தை அவர் கும்மியாகவும் அம்மானையாகவும் கண்ணியாகவும் பாடினார். எச்சில், தீட்டு என்று விலக்கும் ஆசாரத்தைப் பார்த்து, எச்சில் படாத இடம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்பதைப் படிக்கும்போது, அந்த ஆசாரத்தின் சுமை முழுவதையும் தாங்கிய ஒரு விதவை அக்கிரகாரத்துக்குள்ளிருந்தே இதைப் பாடியிருக்கிறாரே என்று மனம் நடுங்குகிறது. யோகவாசிட்டம் என்னும் வேதாந்த நூலில் வரும் அரசி சூடாலை, கணவனுக்கு முன்பே ஞானம் பெற்றும், தன் சொல்லை ஏற்காமல் காட்டுக்குப் போன அவனுக்கு அந்தணச் சிறுவனாக உருமாறிச் சென்றே உபதேசிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைப் பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியாக அக்காள் அமைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்பாடல்கள் பெண்களின் வாய்வழியாகவும், அவர்கள் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் வழியாகவும் பிழைத்து வந்தவை. 2002இல் திருக்கோவிலூர் ஞானானந்த தபோவனத்திலிருந்து வெளிவந்த பாடல் திரட்டு சொற்களைக் காப்பாற்றியது. அதற்கு நாம் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் மெட்டு அச்சில் ஏறாது. என் பாட்டியின் நோட்டில் உள்ள சில பாடல்களுக்கு அவர் பாடிய மெட்டு அவரோடு போய்விட்டது. அப்போது நான் கேட்டு எழுதிக்கொள்ளாதது இன்றும் என்னை வருத்துகிறது.

அக்காள் பாட்டைப் பாடத் தெரிந்த மூதாட்டிகள் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் இன்னும் சிலராவது இருப்பார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி வானொலி நிலையமும் காலம் தாழ்த்தாமல் அவர்கள் வீடு தேடிச் சென்று குரலைப் பதிவு செய்ய வேண்டும். வீடுகளில் கிடக்கும் நோட்டுகளையும் படியெடுத்து, அச்சிலுள்ள வடிவத்தோடு ஒப்பிட்டு, பாடபேதங்களுடன் (சொல் வேறுபாடுகளுடன்) ஒரு பதிப்பைக் கொண்டுவர வேண்டும். என் பாட்டியின் நோட்டைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி