குகைப் படகு வரிசையில் பீர் வண்டி: பதில் வராத மூன்று புகார்கள் குறித்து

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஏறும் சவாரியின் வரிசையிலேயே மது விற்றதால் என் குடும்பத்துக்கு நேர்ந்தது, ஒரு மாதமாக அலைக்கழிக்கப்பட்டது.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் உங்கள் இணையதளப் படிவத்தில் எழுதினேன். மூன்றுக்கும் மூன்று புகார் எண் வந்தது, பதில் ஒன்றுக்கும் வரவில்லை. நடுவில் ஏழு முறை போன் செய்தேன். ஒரு முறை வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன், இப்போதே தொடங்கினால் எழுத வந்தது நின்றுபோகும்.

சம்பவம் நடந்தது போன மாத இரண்டாம் சனிக்கிழமை, மாலை நாலு மணி சுமாருக்கு. குகைப் படகு வரிசை. அந்த வரிசை இரண்டாவது முறை வளையும் இடத்தில் பச்சைக் குடை போட்ட வண்டி ஒன்று நிற்குமே, அதுதான். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, நிறுத்தியதே நீங்கள். அதற்கு நேர் எதிரே சவாரி விதிகள் எழுதிய பெரிய பலகை இருக்கிறது. முதுகுவலிக்காரர்கள் ஏறக்கூடாது, கர்ப்பிணிகள் ஏறக்கூடாது, மது அருந்தியவர்கள் ஏறக்கூடாது என்று அதில் இருக்கிறது. பலகைக்கும் வண்டிக்கும் நடுவில் இருபது அடி கூட இராது. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றேன், அதனால் நன்றாகவே பார்த்தேன். விதியை எழுதி வைத்தவரும் வண்டியை நிறுத்தச் சொன்னவரும் ஒரே அலுவலகத்தில்தான் சம்பளம் வாங்குகிறார்களா?

எங்களுக்குப் பின்னால் ஐந்து பேர். படித்தவர்கள் மாதிரிதான் தெரிந்தார்கள். வரிசை நகர நகர ஒவ்வொருவராகப் போய் இரண்டு இரண்டு கோப்பையாக வாங்கி வந்தார்கள். நான் பார்க்கவே மூன்று முறை. மூன்றாவது முறை வந்தவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவருக்கும் உங்கள் ஆள் கோப்பையை நிரப்பித்தான் கொடுத்தார். வாங்கியவர் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பினார், கையிலிருந்த கோப்பை முழுவதும் என் மகள் தலையில் கவிழ்ந்தது.

அவளுக்கு ஏழு வயது. காலையில் உங்கள் நினைவுப்பொருள் கடையில் வாங்கிய தேவதைச் சிறகைக் கழற்றவே மாட்டேன் என்று நாள் முழுக்க முதுகில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். பீர் தலைமுடி வழியாக இறங்கி, கண்ணுக்குள் போய், அந்த வலைத்துணிச் சிறகெல்லாம் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அசையாமல் நின்றாள். "அம்மா, எரியுது" என்று மட்டும் சொன்னாள். அந்த ஆள் "சாரி பாப்பா, சாரி பாப்பா" என்று குனிந்து தன் கையாலேயே அவள் முகத்தைத் துடைக்க வந்தார். குழந்தை பாட்டியின் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நிதானத்தில் இருந்திருந்தால் ஒரு குழந்தையின் முகத்தில் கை வைக்க அவரும் யோசித்திருப்பார்.

படகில் ஏற்றிவிடும் தம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருபது வயது இருக்கும். "இவங்க நிலைமையைப் பாருங்க, இவங்களை ஏத்தலாமா?" என்று கேட்டேன். "நான் பெல்ட் செக் பண்றது மட்டும்தான்க்கா. மத்ததெல்லாம் செக்யூரிட்டி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து வளர்ந்த ஆண்களை ஒற்றை ஆளாக நிறுத்த அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? நீங்கள் கொடுக்கவில்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. எங்களை ஏற்றிய அதே படகில், எங்களுக்கு முன் வரிசையில், அவர்களையும் ஏற்றினார்.

குகைக்குள் வௌவால் பொம்மை இறங்கும் இடத்தில் அவர்களில் ஒருவர் எழுந்து நின்று அதைப் பிடிக்கப் போனார். படகு ஆடியது. எங்கிருந்தோ சைரன் அடித்தது. சவாரி நின்றது. 25 நிமிடம், இருட்டில், தண்ணீரின் நடுவில். எழுந்து நின்றவர் உட்கார்ந்து, படகின் ஓரத்தில் தலையைச் சாய்த்து வாந்தி எடுத்தார். அந்த நாற்றத்தோடு அத்தனை நேரமும் நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு டார்ச்சோடு வந்த உங்கள் ஊழியர்கள் அவசர வழியில் இறங்கி நடக்கச் சொன்னார்கள். என் மாமியாருக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். ஈரமான இரும்புப் படிகளில் என் பதினோரு வயது மகன் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். அவர் விழுந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும், அதை எழுதியவரும் வேறு ஆளாக, ஒரு வக்கீலாக இருந்திருப்பார்.

வெளியே வந்து நுழைவாயில் நீலக் கவுண்டருக்குப் போனோம். அவர்கள் செக்யூரிட்டி அறைக்கு அனுப்பினார்கள். செக்யூரிட்டி, முதலுதவி அறைக்கு. முதலுதவி அறையில் குழந்தையின் கண்ணைக் கழுவிவிட்டார்கள், அந்த நர்ஸ் அம்மாவுக்கு மட்டும் நன்றி. அவர் திரும்ப நீலக் கவுண்டருக்கே போகச் சொன்னார். கவுண்டரில் இருந்தவர் முகத்தைக் கூட நிமிர்த்தாமல் ஒரு கூப்பனை நீட்டினார். இன்னொரு சவாரி இலவசம், அன்றைக்கு மட்டும் செல்லும். எந்தச் சவாரி என்று பார்த்தால் குகைப் படகு.

இனி உங்கள் கஸ்டமர் கேர். மூன்றாவது முறை கூப்பிட்டபோது 18 நிமிடம் காக்க வைத்தார்கள். காத்திருக்கும்போது உங்கள் பூங்காவின் பாட்டைப் போடுகிறீர்களே, அது ஸ்பீக்கரில் கேட்டதும் என் மகள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள். ஒருவழியாக லைனுக்கு வந்தவர் நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "மேடம், இது குழந்தைகள் பார்க் இல்லை, ஃபேமிலி பார்க். ஃபேமிலின்னா பெரியவங்களும் வருவாங்க. உலகம் பூரா இப்படித்தான். பிடிக்கலைன்னா வராதீங்க."

பிடிக்கலைன்னா வராதீங்க! டிக்கெட்டுக்குப் பணம் வாங்கும்போது இதைச் சொல்லியிருக்கலாமே. அந்த உரையாடல் பதிவாகும் என்று உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒரு முறை கேளுங்கள்.

உலகம் பூரா இப்படித்தானா என்று நானும் தேடிப் படித்தேன். இந்தத் தொழிலுக்கே வழிகாட்டி என்று எல்லோரும் சொல்லும் டிஸ்னிலாந்து 1955ல் கலிபோர்னியாவில் மது இல்லாமல்தான் திறந்தது. பிறகு 1967ல் உள்ளே வந்த, உறுப்பினர்களுக்கான ஒரு தனி மன்றத்தில் மட்டும் கிடைத்தது. பொது மக்கள் அந்தப் பூங்காவுக்குள் ஒரு கோப்பை வாங்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃப்ளோரிடாவில் 1971ல் திறந்த டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா 2012 வரை விற்கவில்லை. அப்போதும் ஒரே ஓர் உணவகத்தில், இரவுச் சாப்பாட்டோடு, பீரும் வைனும் மட்டும். பாரிஸில் டிஸ்னி பூங்காவை 1992ல் மது இல்லாமல் திறந்து மறு வருடமே மனம் மாறினார்கள் என்பதும் தெரியும். 1982ல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய டிஸ்னியின் எப்காட் பூங்காவில் முதல் நாளிலிருந்தே விற்கிறார்கள் என்பதும் தெரியும். எங்குமே விற்கக்கூடாது என்று நான் வாதாட வரவில்லை. என் வீட்டுக்காரரும் எப்போதாவது குடிப்பவர்தான். ஆனால் விற்பதற்கு முன் எங்கே, யாருக்கு, எவ்வளவு என்று அறுபது வருடம் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 2019ல் டிஸ்னிலாந்துக்குள் திறந்த மதுக்கூடத்தில் ஆளுக்கு இரண்டு கோப்பை என்று வரம்பு வைத்தார்கள், கோப்பையோடு வெளியே போகவும் விடவில்லை. நீங்கள் குடை போட்டு வரிசைக்கு நடுவிலேயே விற்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

உங்களுக்கும் வரம்பு இருக்கிறது என்று ஐந்தாவது போனில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு கோப்பைதானாம். ஒரு தடவைக்கு! பத்து நிமிடம் கழித்து அதே வண்டியில் இன்னும் இரண்டு வாங்கலாம், அடுத்த வண்டியில் இன்னும் இரண்டு. ஒரு வண்டிக்காரர் கொடுத்தது அடுத்தவருக்குத் தெரியாது. ஒரு கோப்பையைக் கரைக்க உடம்புக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். வெயிலில் நிற்கிறவருக்கு மது தாகத்தைத் தீர்ப்பதில்லை, சிறுநீராக இன்னும் நீரை வெளியேற்றும். உள்காதில் சமநிலை காக்கும் இடத்தையும் அது குலைக்கும், அதனால்தான் குடித்தவருக்குச் சும்மா படுத்தாலே தலை சுற்றுகிறது. அப்படிப்பட்டவரை ஆடுகிற, சுழல்கிற, தலைகீழாகத் தூக்குகிற சவாரியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? சவாரி உங்களுடையது, பலகையும் உங்களுடையது. தெரிந்துதான் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு இன்றுவரை ஆறாதது ஒன்று இருக்கிறது. உள்ளே வரும்போது எல்லோர் கையிலும் ஒரு பட்டையைக் கட்டுகிறீர்கள். அது என் மகள் எத்தனை முறை ராட்டினம் ஏறினாள் என்று எண்ணுகிறது. நாங்கள் எந்த மூலையில் போட்டோ எடுத்தோம் என்று அதற்குத் தெரிகிறது. வீட்டுக்கு வந்த மறுநாள் "உங்கள் குடும்பம் நேற்று ஒன்பது சவாரிகளை அனுபவித்தது" என்று அதுவாகவே மெயில் அனுப்புகிறது. அந்தக் குகைப் படகையும் சேர்த்து ஒன்பது! இத்தனையும் எண்ணத் தெரிந்த பட்டைக்கு, பின்னால் நின்ற ஆள் எத்தனை கோப்பை வாங்கினார் என்று எண்ணத் தெரியாதா? பணமே அந்தப் பட்டையைத் தட்டித்தானே கட்டினார், நான் கண்ணால் பார்த்தேனே. அந்தக் கணக்கு படகுத் துறையில் ஒரு சிவப்பு விளக்காக எரிந்திருந்தால் அந்தத் தம்பி யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, "சிஸ்டம் விடலை சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம்.

பட்டை என்றதும் நேரில் வந்த கதை. ஆறாவது போனில், அசல் கைப்பட்டையோடு மேற்கு வாசல் அலுவலகத்துக்கு நேரில் வந்தால்தான் பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேச முடியும் என்றார்கள். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். செவ்வாய்க்கிழமை வந்தேன். செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்துக்கு விடுமுறை. கதவில் ஒரு தாள் கூட ஒட்டவில்லை. வர வேண்டிய நாளைப் போனில் செவ்வாய் என்று சொன்னதே உங்கள் ஆள்தான்! முக்கால் மணி நேரம் கழித்துக் காவலாளி பாவப்பட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். நான் மூன்று முறை இணையதளத்தில் நிரப்பிய அதே படிவம். எத்தனையோ அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி வாசலில் நின்று அழுததில்லை.

நாங்கள் இழந்தது டிக்கெட் பணம் மட்டுமல்ல. ஒரு வருடம் சேர்த்து வைத்து, இரண்டு மாதம் நாள் எண்ணி வந்த ஒரே ஒரு பயணம் மண்ணாய்ப் போனது. ஒரு மாதமாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. என் மகள் வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறாள், பள்ளியில் கூட. பின்னால் யாராவது சத்தமாகச் சிரித்தால் தலையில் கை வைத்துக்கொள்கிறாள். அவளுடைய குழந்தைப் பருவத்தையே அந்த ஒரு கோப்பை எடுத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கு உங்கள் கூப்பன் ஈடாகுமா?

உங்கள் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. மகன் பிறந்த புதிதில் இதே பூங்காவுக்கு வந்து சந்தோஷமாகத் திரும்பியவர்கள்தான் நாங்கள், அப்போது வண்டியும் இல்லை குடையும் இல்லை. அதனால் பணிவாகவே கேட்கிறேன். நான்கு பேருடைய டிக்கெட் பணத்தையும் அந்தச் சிறகின் விலையையும் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பச்சைக் குடையை வரிசையிலிருந்து எடுங்கள். விற்றே ஆக வேண்டும் என்றால் நாலு சுவருக்குள், உட்கார்ந்து குடிக்கிற இடத்தில், சவாரிகளிலிருந்து தள்ளி வையுங்கள். நிதானத்தில் இல்லாதவரை ஏற்ற முடியாது என்று சொல்லும் அதிகாரத்தை அந்தப் படகுத் தம்பிக்கு எழுத்தில் கொடுங்கள், சொன்னதற்காக அவர் வேலை போகாது என்பதையும் சேர்த்து. அந்த மூன்றாவது போன்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது கடைசியில் வந்தாலும் எனக்கு முதலில் வேண்டியது இதுதான்.

இந்தக் கடிதம் கிடைத்து பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். உங்களுக்கு மது உரிமம் கொடுத்த துறைக்கும், சவாரிகளுக்குப் பாதுகாப்புச் சான்று கொடுக்கும் அதிகாரிகளுக்கும் இதன் நகல் போகும். பலகையும் வண்டியும் ஒன்றாகத் தெரியும்படி என் மகன் எடுத்த போட்டோ இருக்கிறது, குகையில் சவாரி நின்ற நேரம் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். அந்த அளவுக்குப் போக வைக்க மாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், பொறுப்பில் இருக்கும் ஒருவர் கையெழுத்தோடு. போன் செய்ய வேண்டாம், அந்தப் பாட்டை என் மகள் மறுபடி கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்று புகார் எண்களின் சொந்தக்காரி

பி.கு.: நீங்கள் கேட்ட அசல் கைப்பட்டைகள் நான்கும் இத்துடன் இருக்கின்றன. சின்னது மகளுடையது, அதில் இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை. பெற்றுக்கொண்டதற்கு ரசீது அனுப்பவும்.