இடது மரை என்று ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 1991-ஆம் ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. 346 சி.சி., பழைய வார்ப்பிரும்பு இன்ஜின். 15 ஆண்டு முடிந்த பிறகு ஐந்தைந்து ஆண்டாக நான்கு முறை பதிவைப் புதுப்பித்திருக்கிறேன். சென்ற ஆடி மாதம் அதன் வயிற்றிலிருந்து உலக்கை இடிப்பது போல ஒரு சத்தம் கிளம்பியது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பகுதி, அதாவது பட்டறையில் ‘பிக் எண்ட்’ என்பது, தேய்ந்துவிட்டது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் அந்தக் கிராங்கை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்கியே ஆக வேண்டும்.

இரண்டு பட்டறைகளில் கேட்டேன். ஒருவர் ஒரு மாதம் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். இன்னொருவர், வயதில் என் மகனைவிட இளையவர், “இந்த இரும்பு இன்ஜினை நான் பிரித்ததே இல்லை, ஐயா” என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சிறுவயதில் மாமாவின் சைக்கிள் கடையில் வளர்ந்த கை இது. நாமே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். மரை கழன்றுவிட்டதா என்று என் மனைவி கேட்டார். பிறகு அவரே பழைய இட்லித் தட்டுகள் மூன்றை எடுத்துக் கொடுத்தார். நட்டு, போல்ட்டுகளைக் கழற்றிய வரிசைப்படி குழிக்குக் குழி போட்டு வைக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.

ஆயிலை வடித்தோம். கறையானுக்கு ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கிப் போனார். டாங்க், சைலன்சர், கார்புரேட்டர், கேபிள்கள், ஒயர்கள் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. கிளட்சை எடுக்க மட்டும் புல்லர் என்ற இழுக்கும் கருவி வேண்டியிருந்தது. அதை வாடகைக்கு வாங்கினோம். இந்த வண்டியில் இன்ஜினுக்கு அடியில் சட்டம் ஓடாது. இன்ஜினே சட்டத்தின் ஒரு பாகமாக நின்று முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடித்திருக்கும். ஆகவே கடைசி போல்ட்டை உருவுவதற்கு முன் சட்டத்துக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். பிறகு தாம்புக் கயிற்றில் கட்டி, மூங்கிலில் கோத்து, நானும் மகனும் சப்பரம் தூக்குவது போலத் தூக்கித் திண்ணையில் வைத்தோம். ஒரு கீறல் இல்லை. அதுவரை நான் பெரிய ஆள்தான்.

வால்வுகளை இயக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் ‘டைமிங்’ பக்கத்து மூடியைத் திறந்தால் கிராங்க் தண்டின் நுனியில் ஒரு நட்டு இருக்கும். திருகுபோல் பல் வெட்டிய அந்த நட்டுதான் ஆயில் பம்ப்பை ஓட்டுகிறது. அது அசையவில்லை. ஸ்பானரில் இரண்டடிக் குழாயைச் செருகி மிதித்தேன். ‘டக்’ என்றது. கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தேன். தண்டின் மரைதான் நாசமாகியிருந்தது. அந்த நட்டுக்கு இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நான் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து இறுக்கியிருக்கிறேன். சைக்கிளின் இடது பெடலுக்கு மரை மாறியிருக்கும் என்பதைப் பத்து வயதில் தெரிந்துகொண்டவன் நான். ஓடும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கச் செய்யும் அதே ஏற்பாடு இங்கேயும் இருக்கலாம் என்று அறுபது கடந்த புத்திக்குத் தோன்றவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. மகன் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த ஆங்கிலக் கையேட்டை அன்று இரவு மீண்டும் பார்த்தோம். அந்த நட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘எல்.எச்.’ என்று இரண்டு எழுத்து இருந்தது. ‘லெஃப்ட் ஹேண்ட்’, அதாவது இடது மரை என்பதன் சுருக்கம் அது. காலையில் நானும் அதைப் பார்த்தேன். ஏதோ பாக எண் என்று கடந்துவிட்டேன். என் ஆங்கிலம் மணியார்டர் படிவத்து ஆங்கிலம். அந்த இரண்டு எழுத்துக்கு நான் கொடுத்த விலை, புதுத் தண்டும் திருச்சிப் பட்டறைக் கூலியும் சேர்த்து 2,400 ரூபாய். பட்டறையில் இருந்த மூத்த மெக்கானிக் சிரித்தார். “இது எல்லாருக்கும் தெரியுமே!” என்றார். அந்த ‘எல்லாரும்’ அவருடைய குருவிடம் பாடம் கேட்டவர்கள். மரையை இப்படி மறையாக வைத்திருந்தால், அந்தப் பெரியவர் கடையைப் பூட்டும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

வீட்டில் இன்ஜினைப் பிரிப்பது ஆபத்து, பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பிரேக் விஷயத்தில் நானும் அதையே சொல்வேன். ஆனால் பிரிக்கிறவர்கள் பிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த இளைஞரைப் போன்ற மெக்கானிக்குகளுக்கும் கையேடு தேவைப்படுகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கையும் அது எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறக்கப்பட்டது. நல்ல காரியம். வாசிக்க முடியாத கையேட்டை வைத்துக்கொண்டு அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் என் கேள்வி.

வண்டி இப்போது ஓடுகிறது. டைமிங் மூடியின் உட்புறத்தில் ஆணியால் ‘இடது மரை’ என்று கீறி வைத்துத்தான் மூடினேன். இப்படி ஒவ்வொரு வண்டியிலும் யாராவது கீறிக்கொண்டிருக்க முடியாது. இரு சக்கர வாகனம் செய்யும் எல்லா நிறுவனங்களும் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழிலும் வெளியிட வேண்டும் என்று அரசு கட்டளையிடலாம். முழுப் புத்தகம் உடனே முடியாது என்றால், தவறாகத் திருப்பினால் உடையும் இடங்களையாவது ஒரு தாளில் அச்சிட்டுத் தரட்டும். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாகச் சுருக்கியதைத் தமிழில் முழுச் சொல்லாக எழுதட்டும். பக்கத்தில் திருப்ப வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறியும் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மணப்பாறை