பார்வையாளர்களை அனுமதிக்கும் விலங்கு மீட்பு இல்லங்களுக்குத் தனி விதிமுறை கோரும் மனு

அனுப்புநர்:
விலங்கு மீட்பு இல்லங்களின் தன்னார்வலர்கள்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம்.

பொருள்: மீட்பு இல்லங்களுக்கு உரிமமும் பார்வையாளர் விதிமுறையும் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மீட்பு இல்லங்களில் சாணம் அள்ளியும், தீவனம் நறுக்கியும், காயங்களுக்குக் கட்டுப்போட்டும் வருகிறவர்கள் நாங்கள். பார்வையாளர்களை அனுமதிக்கும் இல்லங்களுக்கெனத் தனி உரிமம் கொண்டுவர வேண்டும், முன்னறிவிப்பில்லாத ஆய்வுகள் நடத்த வேண்டும் என்று கோரி இம்மனுவை அளிக்கிறோம்.

பார்வையாளர்களே கூடாது என்பது எங்கள் கருத்தல்ல. பல இல்லங்களில் தீவனச் செலவும் மருந்துச் செலவும் அவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் நல்ல வீடு கிடைப்பதும் நேரில் வந்து பார்ப்பவர்களால்தான். இங்கிலாந்தில் 1969-இல் தொடங்கிய கழுதைகள் சரணாலயம் பொதுமக்களை வரவேற்றுக்கொண்டேதான் இத்தனை காலமும் இயங்கி வருகிறது. முறையாகச் செய்தால் விலங்கும் பிழைக்கும், வந்துபோகிறவர்களும் அதன் கதையை அறிந்துகொண்டு போவார்கள்.

எங்கள் கவலையெல்லாம் 'மீட்பு' என்ற பெயரை வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளே காட்சி வியாபாரம் நடத்துபவர்களைப் பற்றியது. புலிக்குட்டியைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் இடம் விளம்பரம் செய்தால் அது மீட்பு இல்லமாக இருக்க முடியாது. சில மாதங்களிலேயே குட்டி வளர்ந்து, கையில் எடுக்க முடியாததாகிவிடும். உடனே அடுத்த குட்டி தேவைப்படும். அதற்காகவே இனப்பெருக்கம் செய்வார்கள், பால்குடி மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரிப்பார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிகளை வளர்த்துவந்த 'புலிக்கோயில்' என்ற புத்த மடத்தில் 2016-இல் அதிகாரிகள் சோதனையிட்டபோது, உறைபெட்டிக்குள் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. அதுவரை அந்த இடத்தைச் சரணாலயம் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் ஏராளம். புலி, சிங்கம் போன்ற பெரும்பூனைகளின் குட்டிகளைப் பொதுமக்கள் தொடுவதை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் போட்டுத் தடுத்தது. அத்தகைய சட்டம் இங்கும் வேண்டும்.

நல்ல நோக்கத்தோடு நடக்கும் இல்லங்களிலும் விதியில்லாததால் விலங்குகள் துன்பப்படுகின்றன. எங்கள் பராமரிப்பில் ஒரு குரங்கு இருக்கிறது. வீட்டில் கட்டி வளர்க்கப்பட்டதால் அதன் இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பு உண்டு. கூட்டம் வந்து கம்பியைத் தட்டிக் கூப்பிடும் நாட்களில் அது முதுகைத் திருப்பிக்கொண்டு தன் முன்கை ரோமத்தைப் பிடுங்க ஆரம்பித்துவிடும். விடுமுறைக் கூட்டத்துக்கு மறுநாள் காலையில் தீவனம் வைக்கப் போனால், அந்தக் கையில் புதிதாக ஒரு வழுக்கைத் திட்டு தெரியும். கூண்டின் பின்பக்கம் பலகைத் தடுப்பு அடித்து, யார் கண்ணிலும் படாமல் ஒதுங்க ஓர் இடம் செய்துகொடுத்த பிறகே ரோமம் மீண்டும் முளைத்தது. ஒவ்வோர் அடைப்பிடத்திலும் இத்தகைய மறைவிடம் இருக்க வேண்டும் என்பதைத்தான் உரிமத்தின் முதல் நிபந்தனையாகக் கேட்கிறோம்.

தொற்று அடுத்த கவலை. மனிதருக்குச் சாதாரணச் சளியாக வந்துபோகும் கிருமி சிம்பன்சியைக் கொன்றுவிடக்கூடும். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குப் பரவும். எனவே காட்டு விலங்குகளைத் தொடுவது, ஊட்டுவது, அவற்றோடு ஒட்டி நின்று படம் எடுப்பது ஆகியவற்றுக்கு முழுத் தடை வேண்டும். நோயுற்றவையும் புதிதாக வந்தவையும் இருக்கும் பகுதிக்குள் பார்வையாளர் எவரும் போகக்கூடாது. நாய், கழுதை, மாடு போன்றவற்றின் விஷயம் வேறு. அவை தாமாக அருகில் வந்தால், பராமரிப்பாளர் உடனிருக்கத் தடவிக்கொடுப்பதில் தவறில்லை.

நேரக் கட்டுப்பாடும் அவசியம். நைரோபியில் உள்ள ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் அநாதை யானைக்குட்டிகளைப் பொதுமக்கள் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் பார்க்க முடியும். அமெரிக்காவின் டென்னசியில் 1995-இல் தொடங்கிய யானைகள் சரணாலயம் வளாகத்துக்குள் பார்வையாளரை அனுமதிப்பதே இல்லை, கேமரா வழியாக மட்டும் காட்டுகிறது. எந்த இல்லத்துக்கு எது பொருந்தும் என்பதைக் கால்நடை மருத்துவரின் பரிந்துரைப்படி முடிவு செய்யலாம். இனப்பெருக்கமும் விற்பனையும் மட்டும் எங்கும் கூடாது. நுழைவுக் கட்டண வரவு செலவை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். உரிமம் ரத்தாகும் இல்லத்தின் விலங்குகள் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் எந்த இல்லத்தையும் மூடிவிடாதீர்கள். புலிக்கோயிலிலிருந்து அரசு எடுத்துச்சென்ற 147 புலிகளில் 86 புலிகள் 2019-க்குள் இறந்துபோயின. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் அவை முன்பே பலவீனமாக இருந்தன என்று அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், பலவீனமான விலங்கைத் தாங்கக்கூடிய இடத்தை முதலில் தயார் செய்திருக்க வேண்டும். கடனில் நடக்கும் சிறிய இல்லங்கள் வேலியும் மறைவிடமும் அமைக்க அவகாசமும் நிதியுதவியும் தந்தால், பல இல்லங்களை மூடவேண்டிய நிலையே வராது.

விதிமுறையை வரைவதற்கான குழுவில் கால்நடை மருத்துவர்களோடு, அன்றாடம் கூண்டு கழுவும் பராமரிப்பாளர்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அழைத்தால் எந்த நாளிலும் வந்து விவரம் அளிக்கத் தயாராக இருக்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீட்பு இல்லத் தன்னார்வலர்கள்