மாட்டுக்கு நம்பிக்கை இல்லை, மாட்டுக்காரருக்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடைகளுக்கான மாற்று மருத்துவம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, மாட்டுக்கு மருந்தின் மேல் நம்பிக்கை என்று ஒன்று கிடையாது, ஆகவே அது குணமானால் மருந்தால்தான் குணமானது என்று வாதிடுகிறது. எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலும் கறவை மாடு வைத்திருப்போர் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். மாட்டுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனால் மடி வீக்கம் வடிந்ததா என்று தடவிப் பார்த்துச் சொல்பவர் மருந்துக்குக் காசு கொடுத்தவர், அவருக்கு நம்பிக்கை உண்டு.

மேலும், பல நோய்கள் தாமாகவே தணிபவை. தோல் கழலை நோய் கண்ட மாடுகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தேறிவிடும். கோமாரி கண்டாலும் வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் (இதயம் பாதிக்கப்பட்டு மடிபவை கன்றுகளே). இடையில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போய்ச் சேரும். ஒரே நோய் கண்ட மாடுகளை இரு பிரிவாக்கி, எதற்கு எது கொடுக்கப்பட்டது என்று அறியாத ஒருவர் சோதித்துச் சொன்னாலன்றி, 'என் மாடு பிழைத்தது' என்பது சான்றாகாது.

மாற்று மருத்துவம் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்ததும் அக்கட்டுரையின் குறை. மடிநோய்க்குத் தேசிய பால்வள வாரியம் பரிந்துரைக்கும் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவையில் பொருள் என்று ஏதோ இருக்கிறது. அதன் பலனைச் சோதித்து அறியலாம். '30 சி' என்று எழுதிய ஹோமியோபதி மருந்தோ, நூற்றில் ஒரு பங்காக 30 முறை நீர்க்கப்பட்டது. 12 முறை கடந்தாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பு அரிது.

பயனில்லாவிட்டாலும் தீங்கில்லையே என்பார்கள். கன்று ஈன்ற ஓரிரு நாளில் பால் காய்ச்சல் கண்டு எழ முடியாமல் படுத்துவிடும் மாடு, நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே எழுந்து நிற்கும். ஹோமியோபதிச் சர்க்கரை உருண்டையை நம்பி ஓர் இரவு காத்திருந்தால் செத்தே போகலாம். அந்த இரவுக்கான இழப்பை எந்த வைத்தியரும் ஈடு செய்வதில்லை.

ஆகவே, இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, எந்தெந்த அறிகுறிகளுக்குக் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்பதையும், கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடப்படும் கோமாரித் தடுப்பூசி முகாம்கள் எங்கள் மாவட்டத்தில் நடைபெறும் நாட்களையும் அதே பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர்,
குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்.