கையுறை வாங்கும்போது இதையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வைத்தியசாலைக் கொள்வனவுகளில் நடக்கும் முறைகேடுகள் பற்றி உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுதிவருகிறது. நல்ல காரியம். தரம், விலை, தரகுக்காசு எல்லாம் அலசப்படுகின்றன. ஆனால் அந்தப் பொருளைச் செய்தவர்கள் என்ன நிலையில் வேலை செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலைக் களஞ்சியத்தில் பல வருடம் இருந்தவன் நான். என் கைக்கு வந்த விலைமனு ஒன்றில்கூட அந்தக் கேள்வி இருந்ததில்லை. பதிவுச் சான்றிதழ் உண்டா, காலாவதித் திகதி எப்போது, பெட்டிக்கு 100 கையுறை சரியாக இருக்கிறதா, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிகளில் பல மலேசியாவில் செய்தவை. உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தியாளர் டொப் குளோவ். அதன் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை, கட்டாய வேலை வாங்கப்படுவதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கம் 2020 ஜூலையில் தடுத்தது. அதுவும் கொரோனாவில் உலகமே கையுறைக்கு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அங்கே யாரையும் சங்கிலியில் கட்டி வைத்திருக்கவில்லை. பங்களாதேஷ், நேபாளப் பொடியன்கள் வெளிநாட்டு வேலை எடுத்துக்கொடுக்கும் ஏஜென்டுக்குக் கொடுக்கக் கடன்பட்டு வந்திருந்தார்கள். கடன் தீரும்வரை ஓவர்டைம் எவ்வளவு என்றாலும், விடுதி எவ்வளவு நெரிசல் என்றாலும் வாய் திறக்க முடியாது. பிறகு கம்பனி அந்த ஏஜென்ட் காசைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது, சுமார் 136 மில்லியன் ரிங்கிட். 2021 செப்டெம்பரில் தடை நீங்கியது. வாங்குகிறவன் வாங்கமாட்டேன் என்றால் காரியம் நடக்கத்தான் செய்கிறது.

மூதூர், கிண்ணியா வாசகர்களுக்கு ஏஜென்ட் விடயத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஆண்கள் காசு கட்டிப் போகிறார்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு இது மறுவளம்: சப் ஏஜென்ட் முதலிலேயே வீட்டாரின் கையில் ஒரு தொகையை வைத்துவிடுவார். அங்கே அடி, சம்பளமில்லை என்று திரும்பிவர நினைத்தால், "அந்தக் காசை வை" என்பார்கள். மூதூர் ரிசானா நபீக் 2005 இல் சவூதிக்குப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் அதைக் கூட்டி எழுதியிருந்தார்கள். வேலை செய்த வீட்டுக் குழந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டி, 2013 ஜனவரியில் அங்கே ரிசானாவுக்கு மரணதண்டனை நிறைவேற்றினார்கள்.

சரி, உள்ளூருக்கு வருவோம். வாட்டைக் கூட்டித் துடைக்கும் அக்காமார் பலர் அரச ஊழியர்கள் அல்லர், கொந்தராத்துக் கம்பனியின் ஆட்கள். ஒருவர் தன் சம்பளச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். சீருடைக்கு ஒரு வெட்டு. ஒருநாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டு. சேமலாப நிதிக்கும் பிடித்திருந்தார்கள், அங்கத்துவ இலக்கம் என்ன என்று அவருக்குத் தெரியாது. இதை அடிமைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன், அந்தச் சொல்லை மலிவாக்கக் கூடாது. ஆனால் 2006 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திக் கடன் பிணைப்பையும் கட்டாய வேலையையும் குற்றமாக்கிய நாட்டில், அரச கட்டடத்துக்குள்ளேயே இப்படி ஒரு சீட்டு கேள்வியில்லாமல் போகிறது.

விலைமனுவில் இதையெல்லாம் கேட்டால் விலை கூடும் என்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் கையுறைக்கும் நாம் பட்ட பாடு தெரியும், அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் என்னை விரட்டியிருப்பார்கள். ஆனாலும் புதிதாக எந்தத் தாளையும் தயாரிக்கச் சொல்லவில்லையே. பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருடம் 36 மில்லியன் பவுணும் அதற்கு மேலும் புரள்கிற கம்பனிகள் தங்கள் வழங்கல் சங்கிலியில் நவீன அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். ஒப்புக்கு எழுதுகிறவர்களும் உண்டுதான். இருந்தாலும் அங்கே விற்கிற உற்பத்தியாளர்களிடம் ஏதோ ஒரு தாள் இருக்கும். அதன் பிரதியை நம் விலைமனுவோடும் இணைக்கச் சொல்லலாம். ஏஜென்ட் செலவை யார் கட்டினார்கள், கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது என்று இரண்டு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

துப்புரவுக் கொந்தராத்துக்கு அவ்வளவும் தேவையில்லை. சம்பளம் வங்கியில் விழுந்த பட்டியலையும் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டையும் பார்த்த பிறகு கம்பனியின் பில்லில் கையெழுத்து வைத்தால் போதும். அதற்குக் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர்,
உவர்மலை, திருகோணமலை.