கம்பிக்கூடு அதே உயரத்தில்தான் இருக்கும்: விளையாட்டு முற்றம் பற்றிப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாந் தவணையோடு விளையாட்டு முற்றத்தை மீண்டும் திறக்கிறோம். பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிக்கூடு இருந்த இடத்திலேயே இருக்கும், உயரமும் குறையாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் "ஆறடி உயரத்திலயிருந்து விழுந்தா யாரு பொறுப்பு?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள், "நாங்கெல்லாம் புளியமரத்துல ஏறி வளந்த ஆக்கள்தானே" என்றவர்களும் இருந்தார்கள். இரு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் சற்று நீண்டுவிட்டது. பின்னேரம் ஆறுதலாக வாசியுங்கள்.

கம்பிக்கூட்டின் நாலாவது கம்பியில் நிற்கும் பிள்ளைக்குத் தான் நிற்கும் உயரம் தெரியும். இன்னும் ஏறுவதா, இறங்குவதா என்று அவளே முடிவெடுக்கலாம். அதே கம்பியின் ஒட்டு உள்ளுக்குள் துருப்பிடித்து உக்கியிருந்தால் அது அவளுக்குத் தெரியாது. ஊஞ்சற் சங்கிலியின் கொளுக்கி தேய்ந்திருப்பதும், மணலுக்கு ஒரு சாண் கீழே கொங்கிறீட் கட்டி துருத்திக்கொண்டிருப்பதும் தெரியாது. பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்துகளை ஒன்றுவிடாமல் அகற்றுவது பெரியவர்களின் வேலை. தெரிந்த உயரத்தில் பயந்து, பிடித்து, பழகுவது பிள்ளையின் வேலை. வேலைத்தலப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரித்தானிய அரச அமைப்பே 2012இல் சிறுவர் விளையாட்டுப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், ஆபத்தை அடியோடு துடைப்பது நோக்கமல்ல, நன்மையையும் ஆபத்தையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்றது.

உயரத்தை மூன்றடியாகக் குறைத்திருந்தால் தரம் 1 பிள்ளைக்குப் போதும். தரம் 4, 5 பிள்ளைக்கு அது சீக்கிரம் அலுத்துவிடும். பிறகு சறுக்கியின் கூரையிலும் மதிலிலும் ஏறுவார்கள். அங்கே கீழே இருப்பது சீமெந்துத் தரை.

ஆகவே காசையும் உழைப்பையும் பெரும்பாலும் நிலத்தில்தான் போட்டிருக்கிறோம். விளையாட்டு முற்றக் காயங்களில் பெரும்பங்கு விழுவதால் வருகிறது. விழுந்த பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை உயரத்தைப் போலவே தரையும் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஈ.என். 1176 தரத்தின்படி, சுத்தமான மணல் 8 அங்குல ஆழத்துக்கு இருந்தால் சுமார் ஆறரை அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். கால் பட்டு மணல் விலகிப் போவதால் மேலதிகமாக 4 அங்குலம் போடச் சொல்கிறார்கள். மொத்தம் ஒரு அடி.

"நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் இருக்கிறோம், நிலமே மணல்தானே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளைகள் வருடக்கணக்காக மிதித்த மணல், வேரும் சிப்பித் துண்டும் களியும் கலந்து இறுகி, கிட்டத்தட்ட தரை போலவே ஆகிவிடும். மணிகள் ஒன்றையொன்று விலக்கி நகர்ந்தால்தான் விழுகிற உடம்பு மெல்ல நிற்கும். நகர இடமில்லாத மணல் அதைச் செய்யாது. எனவே ஒரு அடி ஆழத்துக்கு வெட்டியெடுத்து, பூச்சு மணல் அரிக்கும் வலையில் அரித்து, திரும்பப் போடுகிறோம். கம்பிக்கூடு 8 அடிக்கு 8 அடி. சுற்றிலும் 6 அடி விட்டால் 20க்கு 20, அதாவது 400 கன அடி, 4 கியூப். ஊஞ்சலுக்கு ஆறு கியூப்புக்குச் சற்று மேலே வரும். அரித்தபின் குறைகிற அளவை மட்டும் ஆற்று மணலாக வாங்குகிறோம்.

கடற்கரை மணலை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து தர முன்வந்தவர்களுக்கு நன்றி. ஆனால் வேண்டாம். அனுமதியின்றி அங்கே அள்ளக் கூடாது என்பது ஒன்று. அதிலுள்ள உப்பு இரும்புக் கம்பங்களின் காலைத் தின்றுவிடும் என்பது மற்றது. ஆற்று மணலையும் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. சோடாப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒரு மணித்தியாலம் அசையாமல் வைத்தால் மணலின் மேல் சேறு தனிப் படையாகத் தெரியும். படை தடித்திருந்தால் லொறியைத் திருப்பியனுப்ப வேண்டியதுதான்.

எல்லாக் கம்பங்களிலும் ஒரு மஞ்சள் கோடு அடித்திருக்கிறோம். மணல் அந்தக் கோட்டளவு இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்கியின் முடிவிலும்தான் முதலில் குழி விழும், ஒவ்வொரு வெள்ளியும் அவற்றை நிரப்பி வாரிவிடுவோம். மாரி மழை ஒரு இரவிலேயே மணலை அள்ளிக்கொண்டு போகும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஊஞ்சலைச் சுருட்டிப் பூட்டுவோம்; பிள்ளைகள் வீட்டில் வந்து முறையிட்டால் காரணம் இதுதான்.

ஊஞ்சல் மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. நடு ஊஞ்சலுக்குப் போகிற பிள்ளை, ஓரத்தில் ஆடுகிறவரின் வீச்சைக் கடந்துதான் போக வேண்டும். ஓடிவந்த பிள்ளையின் நெற்றியில் பலகை அடிப்பது இப்படித்தான். இப்போது இரண்டு இருக்கைகளுக்கும் இடையில் 2 அடி, கம்பத்துக்கும் இருக்கைக்கும் இடையில் இரண்டரை அடி. மேல்தண்டு 7 அடி உயரம் என்பதால் முன்னால் 14 அடியும் பின்னால் 14 அடியும் வெறுமையாக விட்டிருக்கிறோம். தண்டின் உயரத்தைப் போல் இரு மடங்கு என்பது கணக்கு. பலகை இருக்கைக்குப் பதிலாக ரப்பர் பட்டி. அது நிலத்திலிருந்து 14 அங்குலத்துக்குக் குறையாமல் தொங்குகிறது, விழுந்து கிடக்கும் பிள்ளைக்கு மேலால் போகும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு வளவில் கட்டிய ஊஞ்சல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தோணிக்கு வாங்கிய நைலோன் கயிறு வெயிலில் கிடந்து கிடந்து உரமிழக்கும். விரலால் உருவிப் பாருங்கள், வெள்ளையாகத் தூள் ஒட்டினால் கழற்றிவிடுங்கள். கிளையில் கயிறு உராயும் இடத்தை ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், கீழிருந்து அது தெரியாது.

அடுத்தது இடைவெளி. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட, நாலு பக்கமும் அடைத்த எந்த இடைவெளியும் பொறிதான். சின்னப் பிள்ளை காலை முதலில் விட்டு நுழைந்தால் உடம்பு போய்விடும், தலை போகாது. கால் நிலத்தில் எட்டாமல் கழுத்தில் தொங்கும். கம்பிக்கூட்டின் ஒரு பக்கத்திலும் சறுக்கி மேடையின் கைபிடியிலும் இப்படியான இடைவெளிகள் இருந்தன. சிலவற்றுக்கு இடையில் கம்பி ஒட்டி ஒடுக்கினோம், சிலவற்றில் ஒரு கம்பியை வெட்டியெடுத்து அகட்டினோம். உங்கள் வீட்டு மாடிப்படிக் கைபிடியையும் இப்படியே அளக்கலாம். காட்போட்டில் மூன்றரைக்கு ஆறு அங்குலத்தில் ஒரு துண்டும், ஒன்பது அங்குல வட்டம் ஒன்றும் வெட்டுங்கள். துண்டு நுழைந்து வட்டம் நுழையாத இடத்தில் ஒரு கம்பி சேர்க்க வேண்டும். சின்ன ஓட்டைகளும் விரல்களுக்கு இதே வேலையைச் செய்யும், அதனால் திறந்திருந்த குழாய் முனைகளை எல்லாம் மூடியிருக்கிறோம்.

கடற்காற்று இரும்பை விடாது. நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயென்றாலும் வெல்டிங் அடிக்கும் சூட்டில் ஒட்டைச் சுற்றிய பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் பிடிக்கும். ஒட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகம் கலந்த பெயின்ற் இரண்டு பூச்சு அடித்து, அதன்மேல்தான் நிறம் பூசியிருக்கிறோம். வெறும் நிறப் பூச்சு துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது. இதைவிட மோசமான இடம் கம்பத்தின் கால். மணலுக்குள் ஈரம் நிற்கும் அரை அடியில் குழாய் உள்ளிருந்து உக்கும். மணலை விலக்கிச் சுத்தியலால் தட்டினால் நல்ல குழாய் கணீரென்னும், உக்கியது மொத்தென்னும். சறுக்கியின் பின்கால் இரண்டும் மாற்றியது அதனால்தான். ஊஞ்சலின் எஸ் கொளுக்கி வாய்களை நெரித்து மூடியிருக்கிறோம்; வங்கி அட்டை நுழையுமளவு திறந்தாலே சட்டை மாட்டும்.

தகரச் சறுக்கியை வேம்பின் நிழலுக்கு மாற்றிவிட்டோம். அமெரிக்கக் கையேடுகள் வடக்கு நோக்கி வைக்கச் சொல்லும். அது அவர்களுடைய வெயிலுக்கு. நாங்கள் ஏறத்தாழ 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம்; ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, ஓகஸ்ட் முடியும்வரை நடுப்பகலில் வடபக்கமாகவே நிற்கும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களும் அவையே. இங்கே திசை உதவாது, நிழல்தான் உதவும். வெயிலேறிய தகரம் பிள்ளையின் தோலைச் சில வினாடிகளில் சுட்டுவிடும். இடைவேளைக்கு முன் கடமை ஆசிரியர் புறங்கையைத் தகரத்தில் ஐந்து வினாடி வைத்துப் பார்ப்பார். வைத்திருக்க முடியாவிட்டால் அன்றைக்குச் சறுக்கி இல்லை. தென்னைக்குக் கீழே எதையும் வைக்கவில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை.

அரைவாசி புதைத்த டயர்கள் இருக்கும். சீசோவின் இரு முனைக்கும் கீழே ஒவ்வொன்று, குதித்துத் தாண்டுவதற்கு ஒரு வரிசை. மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும் என்பதால், புதையும் பகுதியில் துளையிட்டு உள்ளே மணல் அடைத்திருக்கிறோம். டயர் தர விரும்புகிறவர்கள், தேய்ந்து கம்பி தெரிவதைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.

இனி உங்கள் பக்கம்.

தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரும் ஏற முடியாது. சறுக்கியின் மேல்முனையில் வார் சிக்கி உடம்பு கீழே சறுக்கினால் கழுத்து இறுகும், சத்தம்கூட வராது. முற்றத்தின் வாசலில் போத்தல் மாட்டக் கொளுக்கிகள் அடித்திருக்கிறோம். கறுப்பு நூலில் கழுத்தில் கட்டும் அச்சரக்கூடும் அப்படித்தான், அந்த நூல் இலேசில் அறாது. கோயிலில் கட்டிய நூலை அறுக்கச் சொல்லவில்லை. கையிலோ இடுப்பிலோ மாற்றிக் கட்டலாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறட்டும். தேய்ந்த சப்பாத்து அடி கம்பியில் வழுக்கும், பாதம் பிடிக்கும்.

பாடசாலை விட்டபின் கூட்டிப்போக வரும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கு இரண்டு வேண்டுகோள். பிள்ளை தானாக ஏற முடியாத இடத்தில் தூக்கி நிறுத்தாதீர்கள். தானாக ஏறியவருக்குப் பெரும்பாலும் இறங்கவும் தெரியும்; தூக்கி வைத்தவருக்கு இரண்டும் தெரியாது. கைக்குழந்தையை மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். குழந்தையின் கால் ஓரத்தில் பிடிபட, பின்னாலிருக்கும் பெரியவரின் பாரம் தள்ள, முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறுகி முறியும். பாதுகாப்பென்று நினைத்துச் செய்வதிலேயே வரும் முறிவு அது.

"விழப்போறாய்!" என்று கத்தினால் பிள்ளை கையை விட்டுத் திரும்பிப் பார்க்கும். "அடுத்த கால எங்க வைக்கப் போறாய்?" என்று கேளுங்கள். கண் கம்பிக்குப் போகும்.

இவ்வளவும் செய்தாலும் உரசலும் சிராய்ப்பும் வரும், எப்போதாவது ஒரு கை முறியவும் கூடும். கை வளைந்தோ வீங்கியோ இருந்தால் உருவவும் எண்ணெய் பூசவும் வேண்டாம். அசையாமல் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம், உங்களுக்கும் உடனே அறிவிப்போம். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது உங்கள் விருப்பம், எக்ஸ்றே எடுத்தபின் போங்கள். தலை அடிபட்ட பிள்ளை வாந்தியெடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, மறுநாள்வரை பார்த்திருக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

தரம் 5 பெற்றோர் சிலர் புலமைப்பரிசில் முடியும்வரை தங்கள் பிள்ளைகளை முற்றத்துக்கு விட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். இடைவேளை அவர்களுக்கும் இடைவேளைதான். இதில் மாற்றமில்லை.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு மணல் அரிக்கும் சிரமதானம். வெயில் ஏறுமுன் முடிக்கலாம். மண்வெட்டி, மணல் அரிக்கும் வலை, அள்ளு வாளி இருப்பவர்கள் பெயரெழுதிக் கொண்டுவாருங்கள். கட்டாக்காலி மாடும் நாயும் இரவில் மணலுக்குள் வராதபடி வேலியின் தென்மூலையை அடைக்க வேண்டும், அதற்குக் கம்பிக்கட்டையும் முள்ளுக்கம்பியில்லாத வலையும் தேவை. வெல்டிங் தெரிந்த தகப்பன்மார் இருவர் வந்தால் கைபிடியில் மிச்சமிருக்கும் வேலையும் அன்றே முடியும். தேநீரும் அவித்த கடலையும் பாடசாலையில்.

இங்ஙனம்,
அதிபர்